பகுதி சபையா, நலச் சங்கமா, செயலியா: வடசென்னைக்கு எது பொருந்தும்?

ஒரு வட்டத்தில், அதாவது மாநகராட்சி வார்டில், நாலைந்து சங்கங்கள், ஓர் இளைஞர் மன்றம், அக்கறையுள்ள சில ஆசிரியர்கள், ஒத்துழைக்கத் தயாராக இருக்கும் ஒரு மாமன்ற உறுப்பினர் ஆகியோர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் அவர்களால் செலவிட முடிவது ஞாயிற்றுக்கிழமை மாலைகளும் கொஞ்சம் பணமும்தான். இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்களையும் ஊர்ப்பொதுக் காரியங்களில் பேச வைக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினால், அந்த நேரத்தையும் பணத்தையும் குடியிருப்போர் நலச் சங்கம், புகார்ச் செயலி, நகரத்தின் கிராம சபை போன்ற பகுதி சபை முதலிய வழிகளில் எதில் இறக்குவது என்பதுதான் இங்கே கேள்வி. எல்லா வழிகளையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம் என்பது நல்ல விடைபோலத் தோன்றும். ஆனால் தன்னார்வலர்கள் ஆறு மாதத்தில் களைத்துப்போய் எதுவும் நிலைக்காமல் போவதற்கு அதைவிட உறுதியான வழி இல்லை. ஆகவே ஒன்றை முதன்மையாகத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வடசென்னை இப்போதுதான் பலவகை மக்கள் வாழும் ஊராக மாறுகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். சௌகார்பேட்டையில் குஜராத்திகளும் மார்வாரிகளும், மண்ணடியில் தமிழும் உருதும் பேசும் முஸ்லிம்களும், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியர்களும், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பல தலைமுறைகளாகத் தெலுங்கு பேசும் குடும்பங்களும், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியமர்ந்தவர்களும் இங்கே வெகுகாலமாக வாழ்கிறார்கள். அண்மையில் மாறியிருப்பது வேறு. மாதவரம் கிடங்குகள், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள், கட்டடப் பணிகள் ஆகியவற்றை நம்பி ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் தெருக்களிலேயே அறை எடுத்துத் தங்குகிறார்கள். 2021இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீண்ட பிறகு, அந்தப் பாதையை ஒட்டி அடுக்குமாடிகளும் புதிய வாடகைதாரர்களும் வந்துகொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கால்வாய்க் கரைகளில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன. வருகிறவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்குப் போகிறவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஒரு தெருவில் யாருக்கு நாளை இருப்போம் என்ற உறுதி இல்லையோ, அவர்களே அந்தத் தெருவின் கூட்டங்களுக்கு வராதவர்களாகவும் இருக்கிறார்கள்.

சென்னையில் பங்கேற்பு குறைவு என்பதற்குத் தேர்தல் கணக்கே போதும். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்த பிறகு, ஐந்தாண்டுகளுக்கு மேலாக மாநகராட்சி தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளால் நடத்தப்பட்டது. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தபோது சென்னையில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர். மாநிலத்திலேயே குறைந்த அளவு அதுதான். அதே தேர்தல்தான் திரு.வி.க. நகர் மண்டலத்திலிருந்து ஒரு தலித் பெண்ணை முதன்முறையாகச் சென்னை மேயர் ஆக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இட ஒதுக்கீட்டால் மாமன்றத்துக்குள் புதியவர்கள் வந்தார்கள். மாமன்றத்துக்கு வெளியே, தெருவில், அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

வழிகளை எடைபோடும் முன், எதை வைத்து எடைபோடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். அந்த ஏற்பாட்டில் யாருக்கு இடமில்லை? அங்கே பேசப்படுவது ஏதேனும் ஒரு பணத்தையோ அதிகாரியையோ தொடுகிறதா? இப்போது நடத்துகிறவர்கள் விலகினாலும் அது நடக்குமா? முதல் கேள்விக்கு மற்ற இரண்டைவிடக் கூடுதல் எடை கொடுக்கிறேன். அதற்குக் காரணம் இந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று அது. பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. முதலியோர் அதைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பங்கேற்ற அமைப்பு. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் தனியே பிரிந்து வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் மோதல்களும் தீ வைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து உயிர்கள் போயின. நிர்வாகத்தின் பங்கும் அரசின் பங்கும் அதில் உண்டு. என்றாலும், ஒரே வாயிலில் ஒன்றாக உழைத்தவர்கள் சங்கத்தின் முடிவுகளில் ஒன்றாக இருந்தார்களா என்ற கேள்வி நூறாண்டு கழித்தும் மிச்சமிருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கணக்கிடும் அமைப்பு, யார் வரவில்லை என்பதைக் கவனிக்காவிட்டால், நெருக்கடியில் அங்கேதான் உடையும்.

குடியிருப்போர் நலச் சங்கங்கள்

முதலில் பலருக்கும் நினைவுக்கு வருவது குடியிருப்போர் நலச் சங்கம். பெரம்பூர், கொளத்தூர், மாதவரம், மணலி புதுநகர் போன்ற மனைப்பிரிவுப் பகுதிகளில் இவை வலுவாக இருக்கின்றன. உதவிப் பொறியாளரின் கைபேசி எண் இவர்களிடம் இருக்கும். மனுவை எந்த அலுவலகத்தில் கொடுத்து எந்த முத்திரையை வாங்க வேண்டும் என்பதும் தெரியும். பத்தாண்டுக்கு முந்தைய மனுவின் நகலும் பெட்டியில் இருக்கும். இந்த நினைவாற்றலை எளிதில் உருவாக்கிவிட முடியாது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் வடசென்னைச் சங்கங்கள் கூட்டமைப்பாகத் திரண்டு மனிதச் சங்கிலி அமைத்தபோது, அந்த அனுபவம் எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பார்த்தோம்.

ஆனால் முதல் கேள்வியில் இவை தடுமாறுகின்றன. பெரும்பாலான சங்கங்களில் உறுப்பினர் என்றால் வீட்டு உரிமையாளர். வாடகைக்கு இருப்பவர் சந்தா கொடுத்தாலும் பொறுப்புக்கு வருவது அரிது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், வீட்டுக்காரரே செயலாளராக இருக்கும் கூட்டத்தில் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி வாய் திறப்பார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நிர்வாகிகளில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்ற ஆண்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல, அவர்களிடம்தான் நேரம் இருக்கிறது. ஆனால் வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ இந்த மாதிரியை அப்படியே நட்டால், இருப்பவர்களுக்கு இன்னொரு மேடை கிடைக்கும். இல்லாதவர்கள் இல்லாதவர்களாகவே இருப்பார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளில், அதாவது முன்னர் குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட வாரியத்தின் குடியிருப்புகளில், 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தின் கீழ் அமையும் சங்கங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஒரு கட்டடத் தொகுதியில் வீடு ஒதுக்கப்பட்ட எல்லோரையும் அவை உள்ளடக்குகின்றன. மக்கள் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் தொகை தருகிறது. மின்தூக்கியும் கழிவுநீர்க் குழாயும் பழுதாகும்போது எல்லோருக்கும் ஒரே வலி என்பதால், அங்கே கூட்டம் கூட்டுவது எளிது. புளியந்தோப்பு போன்ற இடங்களில் வேலை செய்ய நினைப்பவர்கள் புதிதாக எதையும் தொடங்காமல் இவற்றிலேயே தொடங்கலாம். உள்வாடகைக்கு இருப்பவர்கள் மட்டும் இங்கேயும் கணக்கில் வராமல் போகிறார்கள் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

செயலியும் 1913ம்

'நம்ம சென்னை' செயலி, 1913 என்ற புகார் எண், அவ்வப்போது நடக்கும் அரசின் மனு முகாம்கள் ஆகிய மூன்றையும் ஒரே வகையாகக் கொள்ளலாம். எரியாத தெருவிளக்குக்கும் அள்ளப்படாத குப்பைக்கும் இவை போதும். புகார் கொடுத்தவரின் சாதி, மொழி, வாடகை நிலை எதையும் தொலைபேசி எண் கேட்பதில்லை என்பது சிறிய நன்மை அல்ல. ஆனால் புகார் என்பது ஒருவர் ஓர் அலுவலகத்தோடு நடத்தும் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச வேண்டிய தேவையை அது நீக்கிவிடுகிறது. ஒரு தெருவில் மழைநீர் வடிகால் முதலில் வர வேண்டுமா, அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் முதலில் வர வேண்டுமா என்று எந்தச் செயலியிலும் முடிவு செய்ய முடியாது. துணைக் கருவியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

பகுதி சபை

1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. ஒரு குழு ஒரு வார்டுக்கானதாகவும் இருக்கலாம், பல வார்டுகளுக்கானதாகவும் இருக்கலாம் என்ற இடைவெளியைப் பயன்படுத்தி, சென்னையில் நெடுங்காலம் மண்டல அளவிலான குழுக்களோடு நிறுத்திக்கொண்டார்கள். கிராமங்களில் கிராம சபை பழகிப்போன பிறகும், நகரத்தில் குடிமகன் எழுந்து நின்று கேள்வி கேட்பதற்குச் சட்டப்படியான இடம் இல்லாமலே இருந்தது. 2022இல்தான் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகரங்களில் முதல் பகுதி சபைகள் கூடின.

சென்னை போன்ற பெரிய மாநகராட்சியில் ஒரு வார்டு பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் வார்டு குழுவில் உறுப்பினர். மாமன்ற உறுப்பினர் அந்தக் குழுவின் தலைவர். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகியவற்றில் உள்ள குறைகளைச் சுட்டிக்காட்டுவதும், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று பரிந்துரைப்பதும் சபையின் பணிகள். அளவைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னையில் ஏறத்தாழ 67 லட்சம் பேர், 200 வார்டுகள். சராசரியாக ஒரு வார்டுக்கு 33,000 பேர், ஒரு பகுதி சபைக்கு 3,300 பேர் என்றாகிறது. கணக்கெடுப்பு பழையது என்பதால் இன்று இன்னும் கூடுதலாக இருக்கும். அப்படியிருந்தும் இது ஒரு நடுத்தர ஊராட்சியின் அளவுதான். முகம் பார்த்துப் பேசிக்கொள்ளக்கூடிய அளவு. சங்கத்துக்குச் சந்தா வேண்டும், செயலிக்குக் கைபேசி வேண்டும். சபைக்கு அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். இந்த அளவுகோலில் மற்ற எந்த வழியும் இதற்கு அருகில் வருவதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. பகுதியின் பிரதிநிதி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார். ஆகவே கட்சிக்காரருக்கோ மாமன்ற உறுப்பினருக்கு வேண்டியவருக்கோ அந்த இடம் போய்விடுவது எளிது. விடுமுறை நாளின் முற்பகலில் கூட்டம் வைத்தால் கிடங்குத் தொழிலாளியும் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் வர முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு அது விடுமுறை அல்ல. அறிவிப்பு எங்கோ ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டப்படுகிறது. படியேறிப் போக வேண்டிய மண்டபத்தில் கூடினால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் மூட்டுவலிக்காரரும் வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். சபையின் தீர்மானத்தை நிறைவேற்றாவிட்டால் யார் பதில் சொல்வது என்பதும் நடைமுறையில் தெளிவாக இல்லை. இவை எல்லாவற்றையும்விட ஆழமானது, சபையின் உரிமை வாக்காளர் பட்டியலை ஒட்டி நிற்பது. வேறு மாநிலத்தில் வாக்குள்ளவர், வீடு மாறியும் பட்டியலில் பெயரை மாற்றாதவர், பெயர் விடுபட்டுப்போன திருநங்கை ஆகியோர் அந்தத் தெருவில் ஐந்தாண்டுகளாகக் குடியிருந்தாலும் சபையைப் பொறுத்தவரை விருந்தினர்களே.

பட்டியல்களின் இந்தக் குணம் புதிதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடைகள் வழியாகக் குடும்ப அட்டையை வைத்துத் தரப்பட்டது. விரைவாகக் கொடுக்க அதுதான் சிறந்த வழி, மறுக்க முடியாது. அட்டை இல்லாதவர்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வெள்ளம் எல்லோர் வீட்டுக்குள்ளும் ஒரே உயரத்தில் நின்றது. நிவாரணம் சிலருக்கு வரிசையில் நின்றதும் கிடைத்தது, சிலர் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்து, ஜமாஅத், மகளிர் குழு

சட்டம் வருவதற்கு முன்பே இருந்துவரும் அமைப்புகளை வடசென்னையில் கணக்கில் எடுக்காமல் எதையும் செய்ய முடியாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மீனவ கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் சொல்வாக்குள்ள அமைப்பு. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத் தலைவரான ஆணுக்கு, இவ்வளவு என்று வரி வைத்து, கோவில் திருவிழாவிலிருந்து கடலில் காணாமல் போனவரைத் தேடுவது வரை அது பார்த்துக்கொள்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் இருட்டில் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் நீடித்த போராட்டத்தை ஊர்க் கட்டுப்பாடு இல்லாமல் நடத்தியிருக்க முடியாது. எந்த நலச் சங்கத்துக்கும் அந்த வலிமை இல்லை. பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் தேவாலயப் பங்கு மன்றங்களும் வெள்ளக் காலத்தில் சாதி மதம் பார்க்காமல் சோறு போட்டவை.

ஆனால் தலைக்கட்டு என்ற கணக்கிலேயே பெண் இல்லை. மீன் விற்று வீட்டை நடத்துகிற பெண்ணுக்கு, மீன் விற்கும் இடத்தைப் பற்றிய முடிவில்கூடப் பஞ்சாயத்தில் இருக்கை கிடைப்பது அரிது. அந்த ஊரில் வாடகைக்கு வந்த வேறு சாதிக் குடும்பத்துக்கு அங்கே நிற்கவும் இடமில்லை. ஆகவே இவற்றை அழைப்பை எடுத்துச் செல்லும் வழியாகப் பயன்படுத்தலாம். முடிவெடுக்கும் இடமாக வைத்துக்கொள்ள முடியாது. நோட்டீசைச் சுவரில் ஒட்டுவதைவிட, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகும் ஞாயிறு பூசைக்குப் பிறகும் ஊர் ஒலிபெருக்கியிலும் அறிவிப்பது பல மடங்கு வேலை செய்யும்.

பெண்களைப் பொறுத்தவரை மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே வாரந்தோறும் கூடுகின்றன. கையெழுத்து, கணக்கு, முறைவைத்துப் பேசுதல் ஆகிய பழக்கங்கள் அங்கே இருக்கின்றன. கடன் தவணையைத் தாண்டிப் பேச்சு போவதில்லை என்பதே குறை. பத்து நிமிடம் ஒதுக்கித் தெருப் பிரச்சினையைப் பேசச் சொன்னால், அடுத்த சபைக்கு எழுதிக் கொண்டுபோக ஒரு பட்டியல் கிடைத்துவிடும்.

விளையாட்டும் படிப்பகமும்

பலரும் இங்கேதான் தொடங்க விரும்புவார்கள், அதற்கு நியாயமும் உண்டு. வடசென்னையில் காரம், கால்பந்து, குத்துச்சண்டை மூன்றும் தெருவின் சொத்து. 2024இல் அமெரிக்காவில் நடந்த காரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து போனவர். காரம் பலகையைச் சுற்றி நிற்பவர்களிடம் யாரும் ஊர் எது, மொழி எது என்று கேட்பதில்லை. பழக்கம் ஏற்படாமல் பங்கேற்பு வராது என்பது சரி. ஆனால் பழக்கம் ஏற்பட்டால் பங்கேற்பு தானாக வந்துவிடும் என்று நம்புவதற்கு ஆதாரம் போதாது. ஒரே அணியில் பந்தடிக்கிற இரண்டு இளைஞர்களில் ஒருவரின் தெருவுக்கு வடிகால் வருவதும் மற்றவரின் தெரு தேங்கிய நீரில் நிற்பதும் ஆட்டத்தால் மாறுவதில்லை. பெருமைக்குரிய நிகழ்ச்சிகள், படம் எடுக்க நன்றாக இருக்கும் பண்பாட்டு விழாக்கள் ஆகியவற்றில் ஆண்டின் பாதி உழைப்பு கரைந்துபோவதையும் பார்க்கிறோம். கடிகாரத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர்கள் இதை இரண்டாம் இடத்திலேயே வைப்பார்கள்.

பணத்தைத் தொடாத பேச்சு

முன்பு வைத்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023இல் 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டபோது அது 4,000 கோடியைத் தாண்டியிருந்தது. இவ்வளவு பெரிய தொகையின் முன்னுரிமையை ஒரு தெருக்கூட்டம் மாற்றிவிடும் என்று சொல்வது மக்களை ஏமாற்றுவதாகும். தெருவால் தொடக்கூடிய பணம் வேறு: மாமன்ற உறுப்பினரின் வார்டு மேம்பாட்டு நிதி. அதில் ஒரு சிறு பகுதியை, எந்த வேலைக்குச் செலவிடுவது என்று மக்களே முடிவெடுக்கும்படி ஒதுக்குவது சட்டத்தை மாற்றாமல் செய்யக்கூடியது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் மக்கள் பங்கேற்கும் வரவு செலவுத் திட்டத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் புனே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களிடம் வேலைப் பரிந்துரைகளைக் கேட்டு நிதிநிலை அறிக்கையில் சேர்க்கிறது. புனேயில் நடந்தது பெரும்பாலும் படிவம் நிரப்பிக் கொடுப்பது. படிவம் நிரப்பத் தெரிந்தவர்களின் நடைபாதைகளே அதிகம் கேட்கப்படும் அபாயம் அதில் உண்டு. ஆகவே படிவத்தைவிட நேரில் கூடிக் கைதூக்கும் முறையே இங்கே பொருந்தும்.

இதற்கு மாற்றாக 'நமக்கு நாமே' திட்டத்தைச் சிலர் சொல்வார்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தருகிறது. பூங்காவுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் அது நல்ல திட்டம். புரவலர் ஒருவர் கிடைத்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் பங்கைத் தர முடிகிற தெருவுக்கு முதலில் வேலை வரும் என்பதே அதன் விதி. உள்ளடக்குவதுதான் குறிக்கோள் என்றால், பணம் கட்ட முடிந்தவரை முன்னால் நிறுத்தும் ஒன்றை முதன்மை வழியாகக் கொள்ள முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் தீர்ப்பு பகுதி சபைக்கே. அது இன்று நன்றாக நடக்கிறது என்பதால் அல்ல. சட்டத்தின் பாதுகாப்பு உள்ளது, நடத்துகிறவர் மாறினாலும் நடந்தாக வேண்டியது, சந்தா இல்லாதது, அதிகாரி வந்து உட்கார வேண்டியது என்ற நான்கும் சேர்ந்து இருப்பது இதில் மட்டும்தான். மற்ற வழிகளின் குறைகள் அவற்றின் அமைப்பிலேயே இருக்கின்றன. இதன் குறைகளில் பெரும்பாலானவை நடத்தும் விதத்தில் இருக்கின்றன, ஆகவே ஓர் ஆண்டில் கைவைக்கக்கூடியவை.

ஆனால் சபை நாளன்று கூட்டம் சேர்ப்பதில் உழைப்பைச் செலவிடக் கூடாது. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, தெருவுக்கொரு சிறு கூட்டம் நடத்துவதில்தான் செலவிட வேண்டும். இருபது முப்பது பேர், இரவு எட்டு மணிக்கு மேல், தெருமுனையிலோ அங்கன்வாடி வாசலிலோ படியில்லாத இடத்தில் உட்கார்ந்து, இந்தத் தெருவுக்கு வேண்டிய இரண்டு வேலைகள் எவை என்று மட்டும் பேசினால் போதும். சபையில் மேடையைப் பார்த்துப் பேசப் பயப்படுகிறவர் இங்கே பேசிவிடுவார். அந்த இரண்டு வேலைகளையும் சபையில் படிப்பவர் அந்தத் தெருவின் வாடகைதாரராகவோ பெண்ணாகவோ இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பிறகு மாமன்ற உறுப்பினர் தம் நிதியிலிருந்து ஒதுக்கும் சிறு தொகைக்கு அந்தப் பட்டியலிலிருந்தே கைதூக்கி முடிவெடுக்கலாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இந்த வழியின் பாதி பலம் போய்விடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்போதும் எழுத்து மூலமான தீர்மானமும் அதற்கான பதிலும் மிஞ்சும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு வரும். வாக்கு இல்லாதவருக்கு இங்கே என்ன பேச்சு என்று கேட்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்களில் பலர், வாடகை ஏறிப்போனதாலும் கூலி குறைந்ததாலும் உண்மையிலேயே அடிபட்டவர்கள். அவர்களை வெறுப்பாளர்கள் என்று ஒதுக்கிவிட்டுச் சபை நடத்தினால் ஒரு விலக்கலை நீக்க இன்னொன்றை உண்டாக்கியவர்களாவோம். தெருக்கூட்டத்துக்குச் சட்டப்படியான பட்டியல் எதுவும் இல்லை என்பது இங்கே கைகொடுக்கிறது. அதில் குடியிருக்கும் எவரும் பேசலாம், முறையான சபையில் தீர்மானத்தின்போது வாக்காளர்கள் மட்டும் கைதூக்கலாம் என்று பிரித்துவிட்டால், சட்டமும் மீறப்படாது, பேச்சும் அடைபடாது. பேச்சு 'ஒற்றுமை' பற்றியதாக இல்லாமல், பத்துப் பேர் தங்கும் அறைக்கு ஒரு குப்பைத் தொட்டி போதுமா, தண்ணீர் லாரி வரும் நேரம் எது, இரவுப் பணி முடிந்து வருபவர்களுக்குத் தெருவிளக்கு வேண்டாமா என்று இருக்க வேண்டும். அந்த அறையை வாடகைக்கு விட்டவரும் அங்கே உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

மொழிபெயர்க்க யார் என்ற கேள்வி எழும். மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழில் படிக்கும் அந்தத் தொழிலாளர்களுடைய பிள்ளைகளை நிறுத்தும் வழக்கம் தொடங்கிவிட வாய்ப்புண்டு. பெரியவர்களின் சண்டைக்கு நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்துவது சரியல்ல. மேஸ்திரியை நிறுத்துவது அதைவிடத் தவறு, தொழிலாளி தன் குறையை அவர் வழியாகச் சொல்லவே முடியாது. இந்தி தெரிந்த கடைக்காரர்களும் ரயில்வே ஊழியர்களும் வடசென்னையில் ஏராளம். நீண்ட கால ஏற்பாடு வேண்டும் என்றால் கேரளத்தைப் பார்க்கலாம்: அந்த மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்க 'சங்காதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, அவர்களுக்கென்றே பாடநூலும் தயாரித்தது. நம் படிப்பகங்களில் மாலை நேரத் தமிழ் வகுப்பு ஒன்றை நடத்த அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லா வட்டத்துக்கும் இதே வரிசை பொருந்தாது. வாரிய அடுக்குமாடிகள் நிறைந்த வட்டத்தில் தொகுதிச் சங்கத்தின் கூட்டமே தெருக்கூட்டமாக இருக்கட்டும். மீனவ கிராமத்தில் ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதல் இல்லாமல் நாற்காலி போடாதீர்கள். ஆனால் மீன் விற்கும் பெண்களின் கூட்டம் தனியே, அவர்கள் ஏலம் முடித்துத் திரும்பும் நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பெரம்பூர், மாதவரம் பக்கத்தில் நலச் சங்கம் வலுவாக இருந்தால், அதன் செயலாளரிடம் பழைய மனுக்களின் பெட்டியைக் கேட்டு வாங்குவதே முதல் வேலை. கூடவே வாடகைதாரர்களுக்கு நிர்வாகக் குழுவில் இரண்டு இடம் கேளுங்கள். மணலியின் தொழிற்சாலைப் பகுதிகளில் கூட்டம் ஞாயிறு இரவில்தான் சாத்தியம்.

வேலை சரியாகப் போகிறதா என்று பார்க்க வருகைப் பதிவேடு ஒன்றே போதும். அதில் பெயரோடு வாடகையா சொந்தமா என்றும், இது எத்தனையாவது கூட்டம் என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். சாதியும் மதமும் கேட்கத் தேவையில்லை; தெரு எண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கம் வரவில்லை என்று உள்ளூர்க்காரருக்குத் தெரிந்துவிடும். இரண்டு சபைகள் முடிந்த பிறகும் முதல்முறை வந்தவர்கள் கால்பங்குகூட இல்லை என்றால், மூன்றாவது சபைக்கு முன் கூட்ட நேரத்தையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அதே முகங்கள்தான் என்றால், வராத தெருவுக்குப் போய், அந்தத் தெருக்காரர் ஒருவரையே அடுத்த கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யச் சொல்ல வேண்டும்.